விமானத்தில் நாம் சுவாசிக்கும் காற்றும் ஓர் அமானிதமே

 

விமானப் பயணம் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. மகன் துபாயில், மருமகன் தோஹாவில், தாயும் தந்தையும் உம்ராவுக்காக ஜித்தா நோக்கி என்று, ஆண்டுக்கு ஒரு முறையேனும் விமானம் ஏறாத குடும்பத்தை நம் ஊர்களில் காண்பது அரிதாகி வருகிறது. பயணத்திற்கு முன் நாம் பல கேள்விகளைக் கேட்கிறோம். உணவு ஹலாலானதா? இருக்கையில் அமர்ந்தபடி தொழலாமா? மீக்காத்தை எப்போது கடப்போம்? தேவையான கேள்விகளே. ஆனால், நான்கு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ மூடிய கூட்டுக்குள் அமர்ந்து நாம் சுவாசிக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்போர் மிகக் குறைவு.

கேட்க வேண்டிய கேள்வி அது. காரணமின்றி அஞ்சுவதற்காக அன்று. உயிரைப் பாதுகாப்பதும் அறிவைப் பாதுகாப்பதும் ஷரீஅத்தின் ஐந்து உயரிய நோக்கங்களுள் இரண்டு என்று மதரஸாவின் தொடக்க வகுப்புகளிலேயே கற்பிக்கிறோம். மூளையையும் நரம்புகளையும் தாக்கக்கூடும் என்று ஐயுறப்படும் ஒரு பொருளைப் பற்றிய விவாதம், அந்த இரு நோக்கங்களோடும் நேரடியாகத் தொடர்புடையது.

காற்று வரும் வழி

விமானம் ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது வெளியே உள்ள காற்று மிக மெல்லியது, கடுங்குளிரானது. அதை அப்படியே சுவாசித்து மனிதன் உயிர்வாழ முடியாது. எனவே, காற்றை அழுத்தி, 8,000 அடிக்கு மேற்படாத உயரத்தில் இருப்பதற்கு ஒப்பான நிலையைப் பயணிகள் பகுதிக்குள் உண்டாக்குகிறார்கள். அழுத்தப்பட்ட அந்தக் காற்று பெரும்பாலான விமானங்களில் எஞ்சினிலிருந்தே எடுக்கப்படுகிறது. எஞ்சினின் முன்பகுதி வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. எரிபொருள் கலப்பதற்கு முன்னரே அதில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, குளிர்வித்து, உள்ளே அனுப்புகிறார்கள். இதற்குப் 'பிளீட் ஏர்' என்று பெயர். விமானம் தரையில் நிற்கும்போது, வாலின் உள்ளே இருக்கும் துணை எஞ்சின் இந்த வேலையைச் செய்யும்.

இந்த அமைப்பை நாம் எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பதை 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் புறப்பட்ட ஒரு விமானம் காட்டியது. பிளீட் ஏர் விசையை இயக்க விமானிகள் தவறியதால் உள்ளே காற்றழுத்தம் குறைந்தது. பயணிகளுள் சுமார் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் கசிந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது.

இனி, சிக்கல் எங்கே என்று பார்ப்போம். எஞ்சினின் சுழலும் தண்டு எண்ணெயில் இயங்குகிறது. அந்த எண்ணெய் வெளியேறாமல் தடுக்கச் சீல்கள் உள்ளன. அவை காற்றழுத்தத்தின் துணையோடு செயல்படுபவை. எஞ்சினின் வேகம் மாறும்போது மிகச் சிறிதளவு எண்ணெய் கசியக்கூடும். சீல் தேய்ந்துவிட்டாலோ, எண்ணெய் அளவுக்கு மீறி நிரப்பப்பட்டாலோ கசிவு கூடும். கசிந்த எண்ணெய் கடும் வெப்பத்தில் ஆவியாகிக் காற்றோடு கலந்து பயணிகள் இருக்கும் பகுதிக்கு வந்து சேர்கிறது. சில வேளைகளில் ஹைட்ராலிக் திரவமும், பனி நீக்கப் பயன்படும் திரவமும் இவ்வாறே உள்ளே வருகின்றன.

"ஹெப்பா வடிகட்டி இருக்கிறதே" என்று சிலர் கூறுவர். உண்மைதான், தூசியையும் கிருமிகளையும் 99.97 விழுக்காடு வரை அது தடுக்கும். ஆனால் அது பொருத்தப்பட்டிருப்பது, உள்ளே ஏற்கெனவே சுற்றிவரும் காற்றின் பாதையில். எஞ்சினிலிருந்து புதிதாக வரும் காற்று அதன் வழியே வருவதில்லை. மேலும், துகள்களைப் பிடிக்கும் அந்த வடிகட்டியால் ஆவியைப் பிடிக்க இயலாது.

எல்லா விமானங்களும் இத்தகையவை அல்ல. 2011இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானம், தனி மின் அழுத்திகளின் மூலம் வெளிக்காற்றை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. போயிங் 707 போன்ற தொடக்ககால ஜெட் விமானங்களிலும் இதற்கெனத் தனி அழுத்திகள் இருந்தன. எடையையும் செலவையும் குறைக்கும் நோக்கில்தான் எஞ்சின் காற்றை நேரடியாகப் பயன்படுத்தும் முறை பரவியது. ஆகவே, வேறு வழியே இல்லை என்ற வாதம் பொருந்தாது. வழி உண்டு, அதற்குச் செலவாகும்.

மெக்னெஸ் நகரம் தரும் பாடம்

எஞ்சின் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்க ட்ரைகிரெசில் பாஸ்பேட் என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அதன் சில வகைகள் நரம்புகளுக்குக் கொடிய நஞ்சு. இதை ஆய்வுக்கூடம் கண்டறிவதற்கு முன்பே, துயரத்தின் வாயிலாக உலகம் அறிந்துகொண்டது. 1930இல் அமெரிக்காவில், மதுவிலக்கை ஏய்க்க விற்கப்பட்ட இஞ்சிச் சாறு ஒன்றில் இது கலக்கப்பட்டதால் பல்லாயிரம் பேரின் கால்கள் செயலிழந்தன.

நம் நெஞ்சை இன்னும் நெருக்கமாகத் தொடுவது 1959ஆம் ஆண்டு நிகழ்ச்சி. மொராக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நேற்றுவரை நன்றாக நடமாடிய மக்கள் திடீரென நடக்க இயலாமல் விழுந்தார்கள். கைகளும் கால்களும் வலுவிழந்தன. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 10,000 பேர். பெரும்பாலோர் ஏழை முஸ்லிம் குடும்பத்தினர். ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. அமெரிக்க விமானத் தளத்திலிருந்து உபரியாக விற்கப்பட்ட ஜெட் எஞ்சின் எண்ணெயை வாங்கி, இலாப வெறி பிடித்த சில வணிகர்கள் சமையல் எண்ணெயில் கலந்து விற்றிருந்தனர். விலை மலிவாகக் கிடைத்ததால் ஏழைகள் அதை வாங்கினார்கள்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மெக்னெஸ் மக்கள் அந்த நஞ்சை உணவில், பெருமளவில் உட்கொண்டார்கள். விமானத்தில் கலப்பதோ காற்றில், மிகச் சிறிய அளவில். மேலும், மிகக் கொடிய வகையின் அளவை எண்ணெய் தயாரிப்போர் பிற்காலத்தில் வெகுவாகக் குறைத்துள்ளனர். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நீதியன்று. எனினும், இந்தப் பொருள் நரம்பைத் தாக்கவல்லது என்பதில் ஐயமில்லை என்பதற்கு மெக்னெஸ் சாட்சி. எவ்வளவு, எத்தனை முறை, யாருடைய உடலில் என்பவையே இன்று விவாதத்தில் உள்ள கேள்விகள்.

ஆய்வுகள் கூறுவதும் கூறாததும்

இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்பது காழிகளுக்கு மட்டும் உரிய விதி அன்று. எனவே, விமானத் துறையின் தரப்பை முதலில் கேட்போம்.

பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 100 பறப்புகளில் காற்றை அளந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. அளக்கப்பட்ட பொருள்கள் எவையும் அப்போதிருந்த பாதுகாப்பு வரம்புகளைத் தாண்டவில்லை என்று அது கூறியது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமைக்காக 69 பறப்புகளில் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. விமானக் காற்றின் தரம் அலுவலகங்கள், பள்ளிகள், வீடுகள் ஆகியவற்றின் காற்றுக்கு ஒப்பாகவோ மேலாகவோ இருந்ததாக அது தெரிவித்தது. இவற்றை நாம் மறைக்கக் கூடாது. சாதாரணமான பறப்பில் காற்று பொதுவாக நல்ல நிலையில்தான் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் சகோதரரோ, உம்ராவுக்குச் செல்லும் மூதாட்டியோ அஞ்சிப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை.

இப்போது மறுபக்கம். பிரிட்டனின் நச்சியல் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கை, விமானிகள் ஏறத்தாழ 100 பறப்புகளுக்கு ஒன்றில் புகை அல்லது வாடையைப் பற்றித் தெரிவிப்பதாகவும், பொறியாளர் ஆய்வில் உறுதியாவது சுமார் 2,000 பறப்புகளுக்கு ஒன்று எனவும் குறிப்பிட்டது. அமெரிக்காவில் பதிவான நிகழ்வுகளை ஒரு முன்னணி நாளிதழ் 2025இல் தொகுத்தபோது, 2014இல் பத்து இலட்சம் புறப்பாடுகளுக்குச் சுமார் 12 ஆக இருந்த எண்ணிக்கை 2024இல் சுமார் 108 ஆக உயர்ந்திருந்தது. பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதற்கு ஒரு காரணமாகலாம். எப்படியாயினும், நாட்டுக்கு நாடு கணக்கு இவ்வளவு வேறுபடுவதே, முறையான கணக்கெடுப்பு இல்லை என்பதைக் காட்டுகிறது.

நம் நாட்டிலும் நிகழ்ந்துள்ளது. 2022 அக்டோபர் 12 அன்று கோவாவிலிருந்து ஹைதராபாத் வந்த ஒரு கியூ400 விமானத்திற்குள் புகை சூழ்ந்தது. எஞ்சின் எண்ணெய் கசிந்து குளிர்சாதன அமைப்புக்குள் புகுந்ததே காரணம் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கண்டறிந்து, எண்ணெய் மாதிரிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்குமாறு உத்தரவிட்டது. 2010 டிசம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் தரையிறங்கிக் கொண்டிருந்த ஒரு விமானத்தில், வாடை பரவிய சில நிமிடங்களில் விமானிகள் இருவரும் உடல்நலம் குன்றினர். உயிர்வளி முகமூடியை அணிந்துகொண்டு அரும்பாடுபட்டு விமானத்தை இறக்கினர். அல்ஹம்துலில்லாஹ், அனைவரும் தப்பினர். விமானியின் அறிவு ஒரு நிமிடம் மங்கினால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவில் ஒரு விமானப் பணிப்பெண் 1992இல் ஏறத்தாழ 20 நிமிடம் எண்ணெய்ப் புகையைச் சுவாசித்தார். நீங்காத இருமலோடு வழக்குத் தொடுத்தார். 2009இல் தீர்ப்பாயம் அவருக்கு இழப்பீடு வழங்கியது. 2010இல் நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்க அந்நாட்டின் உயர் நீதிமன்றம் மறுத்தது. ஒரு பெண்ணின் இருமலுக்குக் காரணம் புகைதான் என்று நிறுவப் பதினெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

நாட்பட்ட தலைவலி, மறதி, கை நடுக்கம், சொல் தடுமாற்றம் எனப் பல துன்பங்களை விமானப் பணியாளர்கள் முறையிடுகிறார்கள். 'ஏரோடாக்சிக் சிண்ட்ரோம்' என்று சில ஆய்வாளர்கள் 1999 முதல் இதனை அழைக்கிறார்கள். இதைத் தனியொரு நோயாக மருத்துவ உலகம் இன்னும் ஏற்கவில்லை. நானும் மருத்துவன் அல்லன். அந்தத் தீர்ப்பை வழங்கும் தகுதி எனக்கில்லை. ஆனால், வாதத்தின் அமைப்பு சரியா தவறா என்று சொல்ல ஃபிக்ஹின் அடிப்படைகளைக் கற்றவனுக்கு இயலும்.

உறுதியும் ஐயமும்

ஃபிக்ஹின் ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று, யகீன் எனும் உறுதி ஐயத்தால் நீங்காது என்பது. உளூச் செய்தவர், அது முறிந்ததோ என்று ஐயுற்றால் உளூ நிலைத்தே இருக்கிறது. விமானத் துறையினர் கூறுவது ஏறத்தாழ இதே பாணியில்தான் அமைந்துள்ளது: காற்று தூய்மையானது என்பது எங்கள் அளவீடு, தீங்கு என்பது உங்கள் ஐயம், ஐயத்தால் உறுதி நீங்காது.

கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். ஆனால், அந்த உறுதி எதைப் பற்றியது? சாதாரணப் பறப்பில் அளக்கப்பட்ட காற்றைப் பற்றியது. விவாதமோ, எண்ணெய் கசிந்து புகை பரவிய பறப்புகளைப் பற்றியது. இரண்டாயிரம் பறப்புகளுக்கு ஒன்றில் நிகழ்வதை, நூறு பறப்புகளை அளந்து மறுக்க இயலுமா? கிணற்றில் நூறு நாள் நீர் நன்றாக இருந்தது என்பது, எலி விழுந்து செத்த நாளில் அது நன்றாக இருந்தது என்பதற்குச் சான்றாகாது. கசிவு நேர்ந்த அந்த நிமிடங்களில் காற்றில் என்ன இருந்தது என்பதை அளக்கும் கருவி பயணிகள் விமானங்களில் வழக்கமாகப் பொருத்தப்படுவதில்லை. கார்பன் மோனாக்சைடு இருபதாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விதிகள் வரம்பு விதிக்கின்றன. ஆனால், பறக்கும்போது அந்த வரம்பு மீறப்பட்டதா என்று யார் பார்ப்பது? அளக்காமல் இருந்துவிட்டு, சான்று இல்லை என்று கூறுவது உறுதியன்று. அது அறியாமை. அறியாமையை உறுதியின் இடத்தில் அமர்த்த எந்த மத்ஹபும் இடமளிக்காது.

நீரைப் பற்றிய பாடத்தை நினைவுகூருங்கள். நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்று அசுத்தத்தால் மாறிவிட்டால் அந்த நீரின் சட்டம் மாறிவிடுகிறது. வாடை மட்டும் மாறினாலும் போதும். முதலாம் ஆண்டு மாணவனும் இதை அறிவான். காற்றுக்கு இதே சட்டம் என்று நான் கூறவில்லை. சிந்திக்கும் முறைக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். புலன்கள் தரும் அடையாளத்தை மார்க்கம் சான்றாக மதிக்கிறது. அழுக்கேறிய காலுறையின் வாடை போன்றும் நனைந்த நாயின் வாடை போன்றும் வருவதாகப் பணியாளர்கள் கூறும்போது, வெறும் வாடைதான் என்று ஒதுக்குவது முறையா? கருவி இல்லாத இடத்தில் மனிதனின் மூக்கு ஒன்றே கருவியாக இருக்கிறது. அதன் சாட்சியத்தையும் தள்ளிவிட்டால் எஞ்சுவது என்ன?

ஐந்து பெரும் விதிகளுள் மற்றொன்று, தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது. தீங்கின் முழு அளவு தெரிந்த பிறகே நீக்கத் தொடங்க வேண்டும் என்று அந்த விதிக்கு எவரும் விளக்கம் எழுதியதில்லை.

விற்பவரின் கடமை

சந்தையில் தானியக் குவியலொன்றைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்ததை உணர்ந்து, அதை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காக வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையால் நனைந்தது என்று அந்த வணிகர் கூறினார். நனைந்தது அவருடைய குற்றம் அன்று, மறைத்ததே குற்றமாயிற்று. இந்த வேறுபாட்டை நாம் நன்கு கவனிக்க வேண்டும்.

எஞ்சின் சீல் தேய்வது யாருடைய குற்றமும் அன்று. இயந்திரம் என்றால் பழுது வரும். ஆனால், புகை பரவிய விமானத்திலிருந்து இறங்கும் பயணிகளிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பிவிடுவது நனைந்த தானியத்தை அடியில் வைப்பதற்கு ஒப்பானது. பயணச்சீட்டை விற்பவர், இருக்கையை மட்டும் விற்பதில்லை. இத்தனை மணி நேரம் உங்கள் உயிரையும் உடலையும் காப்பேன் என்று அமானிதமாகப் பொறுப்பேற்கிறார். அந்த அமானிதத்துள் காற்றும் அடங்கும். உணவையோ நீரையோ வேண்டாம் என்று பயணி மறுக்கலாம். காற்றை மறுக்க இயலாது. மறுக்க இயலாத ஒன்றை வழங்குபவரின் பொறுப்பு கூடுமேயன்றிக் குறையாது.

இவ்விடத்தில் நம்மைவிட மிகுதியாக நினைக்கப்பட வேண்டியவர்கள் பணியாளர்கள். நாம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பறக்கிறோம். விமானியோ ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் வரை பறக்கிறார். பணிப்பெண்கள், பணியாளர்கள், துணை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏறித் துப்புரவு செய்யும் தொழிலாளர்கள் ஆகியோர் அன்றாடம் இதே காற்றில் உழைக்கிறார்கள். வளைகுடா விமான நிலையங்களில் இத்தகைய வேலைகளைச் செய்வோருள் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. தலைசுற்றுகிறது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி அவர்கள் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனத்திற்கு நாமும் பொறுப்பாளிகள். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வலியுறுத்தும் மார்க்கம், கூலிக்காக அவருடைய மூச்சை விலையாகக் கேட்பதை ஒப்புமா?

விதி என்று விட்டுவிடலாமா?

"ஆயுள் எழுதப்பட்டுவிட்டது, அல்லாஹ் பார்த்துக்கொள்வான், இதெல்லாம் நமக்கெதற்கு?" என்று கூறும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய ஈமானை மதிக்கிறேன். ஆனால், சிரியா நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து வழியிலேயே திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஓர் இறைவிதியிலிருந்து மற்றோர் இறைவிதியை நோக்கியே செல்வதாக விடையளித்தார்கள். காற்றால் பரவும் தீங்கை அறிந்தும் வாளாவிருப்பது தவக்குல் ஆகாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'விமானத்தில் ஏறினால் மூளை செத்துவிடும்' என்பது போன்ற செய்திகளை வாட்ஸ்அப்பில் வந்தவுடன் முன்னனுப்புவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். வரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. ஹஜ்ஜுக்காக வாழ்நாள் முழுதும் சேமித்த ஒரு மூதாட்டி, ஆதாரமற்ற செய்தியால் நடுங்கிப் பயணத்தைக் கைவிட்டால் அந்தப் பாவத்தில் முன்னனுப்பியவருக்கும் பங்குண்டு.

பயணிகள் செய்ய வேண்டியவை

விமானத்திற்குள் எரிந்த எண்ணெய் வாடையோ, வேதிப்பொருள் வாடையோ, புகையோ தெரிந்தால் உடனே பணியாளரிடம் கூறுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள். கூச்சலிட்டுப் பிறரைக் கலங்கடிக்காதீர்கள். மேலிருந்து முகமூடி ஏன் விழவில்லை என்று பதறாதீர்கள். பயணிகளின் முகமூடி காற்றழுத்தம் குறையும்போது உதவுவதற்கானது. சுற்றியுள்ள காற்றும் அதில் கலந்தே வருவதால் புகையிலிருந்து அது காக்காது. விமானிகளின் முகமூடி வேறு. அது முழு உயிர்வளி தருவது.

விமான எண், நாள், இருக்கை எண், வாடை வந்த நேரம், உடலில் தோன்றிய மாற்றம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல், குழப்பம் போன்றவை இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு இரத்தத்திலிருந்து சில மணி நேரங்களில் பெருமளவு நீங்கிவிடும். மறுநாள் சோதித்தால் ஒன்றும் தெரியாமற் போகலாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் தம் மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

இஹ்ராமில் இருப்பவர் புகை சூழும்போது மூக்கையும் வாயையும் மூடலாமா என்ற கேள்வியும் எழும். ஷாஃபிஈ மத்ஹபில் ஆண் முகத்தை மூடுவதற்குத் தடையில்லை. ஹனஃபி மத்ஹபில் தடை உண்டு. பெண்ணுக்கு முகத்திரை தடுக்கப்பட்டுள்ளது. ஆயினும், உயிருக்கும் உடலுக்கும் தீங்கு அஞ்சும் நேரத்தில் மூடிக்கொள்பவர் மீது பாவமில்லை. பரிகாரம் உண்டா என்பதைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் பின்னர்க் கேட்டுக்கொள்ளலாம். துணி புகைத் துகளைச் சிறிது தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது என்பதையும் அறிந்திருங்கள். நோன்பாளியின் தொண்டைக்குள் அவர் நாடாமல் புகை சென்றால் நோன்பு முறியாது. உயிர்வளியைச் சுவாசிப்பதாலும் முறியாது. எனவே, நோன்பைக் காரணம் காட்டி எவரும் உயிர்வளியை மறுக்க வேண்டாம்.

சமுதாயம் கேட்க வேண்டியவை

தனிமனிதர் எழுதும் ஒரு முறையீடு கோப்பில் உறங்கிவிடும். சமுதாயமாகக் கேட்டால் செவிசாய்ப்பார்கள். 2024இல் இந்தியாவிலிருந்து ஹஜ் செய்ய ஒதுக்கப்பட்ட இடங்கள் 1,75,025. உம்ரா செல்வோர் இதில் அடங்கார். விமானத் துறைக்கு நாம் சிறிய வாடிக்கையாளர்கள் அல்லர். ஹஜ் பயணத்திற்கான விமானங்கள் ஒப்பந்தப்புள்ளியின் மூலமே தேர்வு செய்யப்படுகின்றன. உம்ராக் குழுக்களை நடத்துவோரும் மொத்தமாக இருக்கைகளை வாங்குகிறார்கள். விலை, உணவு, பெட்டியின் எடை ஆகியவற்றைப் பேசும்போது காற்றைப் பற்றியும் நான்கு நிபந்தனைகளைப் பேசலாம்.

முதலாவது, எஞ்சினிலிருந்து வரும் காற்றில் கார்பன் மோனாக்சைடையும் எண்ணெய் ஆவியையும் உணரும் கருவிகளைப் பொருத்துதல். இரண்டாவது, புகை அல்லது வாடை நிகழ்வு நேர்ந்த ஒவ்வொரு முறையும் பயணிகளுக்கு எழுத்து மூலம் தெரிவித்தல். மூன்றாவது, நிகழ்வுகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் பொதுமக்கள் காணும்படி வெளியிடுதல். நான்காவது, முறையிடும் பணியாளருக்கு வேலைப் பாதுகாப்பும், நிறுவனத்தைச் சாராத மருத்துவரின் சோதனையும் வழங்குதல். இவை நடவாதவை அல்ல. அமெரிக்காவில் 2024 மே மாதம் நிறைவேற்றப்பட்ட விமானப் போக்குவரத்துச் சட்டம், இத்தகைய நிகழ்வுகளைப் பணியாளர்கள் தெரிவிப்பதற்கு ஒரே சீரான முறையை உருவாக்கப் பணித்துள்ளது. நம் நாட்டிலும் அது வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பதற்கு ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என்ன தடை?

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நன்மை தரும் கோரிக்கை அன்று. அதே விமானத்தில், அதே காற்றை, எல்லாச் சமயத்தவரும் சுவாசிக்கிறார்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். அந்தப் பாதையில் நடப்பவர் யாரென்று அவர்கள் வரையறுக்கவில்லை. இன்று நம் பாதை வானத்திலும் நீண்டிருக்கிறது.

பயணத்தில் இருக்கும் நம் குடும்பத்தார் அனைவரையும், அவர்களைச் சுமந்து செல்வோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! அமானிதத்தை ஏற்றவர்களுக்கு அதை நிறைவேற்றும் மனத்தையும், தீங்கைக் கண்டவர்களுக்கு அதை எடுத்துரைக்கும் துணிவையும் வழங்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.